பழைய நாலடி மரைன் டேங்க்: கண்ணாடியை வாங்குங்கள், கல்லை விட்டுவிடுங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இரண்டரை அடி மரைன் டேங்க் (கடல்நீர் மீன் தொட்டி) இருக்கிறது, இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் கோரல் (மூன்றும் பவள வகைகள்). வேலை மாறி பெங்களூரு போகும் ஒருவர் தன்னுடைய 4x2x2 அடி டேங்க்கை சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் மெஷின்), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), லைட், கல், மணல், ஒரு ப்ளூ டாங் மீன் எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்துக்குத் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்கச் சொல்கிறார். நாங்கள் இரண்டாவது மாடி. வாங்கலாமா? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட முடியுமா?"

வாங்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வர வேண்டியது கண்ணாடியும் மெஷின்களும் மட்டும்தான். உங்கள் மீன்கள் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவருடைய கல், மணல், மீன் மூன்றையும் அவரிடமே விட்டுவிடச் சொல்வேன்.

அந்த ப்ளூ டாங்கிலிருந்தே தொடங்குவோம். மரைன் மீன்களில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு முதலில் ஆளாவது இதுதான். அதை வளர்த்தவர் ஒரு தடவையாவது மருந்து போட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு வழக்கமாகப் போடுவது காப்பர், அதாவது தாமிரம் கலந்த மருந்து. தனி டேங்க்கில் வைத்துப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பலர் சோம்பல்பட்டு மெயின் டேங்க்கிலேயே ஊற்றிவிடுகிறார்கள். காப்பரைக் கல்லும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், உங்கள் க்ளீனர் இறால் தாங்காது. கோரலும் அப்படித்தான். அதனால் அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்போதாவது காப்பர் போட்டீர்களா?" என்பது. இல்லை என்று சொன்னாலும் ஒரு காப்பர் டெஸ்ட் கிட் எடுத்துப் போங்கள். அவருடைய டேங்க்கில் இறாலும் நத்தையும் உயிரோடு திரிந்தால் அது நல்ல அறிகுறி.

கல்லை வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அது இயற்கையான பவளக் கல்லா, செய்த கல்லா என்று பாருங்கள். கல் எலும்புக்கூடு கட்டும் ஹார்ட் கோரல்கள் எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். செத்த பவளத்தின் எலும்புக்கூட்டை வைத்திருப்பதும் குற்றம்தான். "எல்லோரும் வைத்திருக்கிறார்கள் சார்" என்பார்கள். இருக்கலாம், ஆனால் கைமாறும்போது மாட்டுவது வாங்கியவர். நீங்கள் வைத்திருக்கும் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் எல்லாம் ஹார்ட் கோரல் வகையில் வராதவை, அதோடு நிற்பது நல்லது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: பழைய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் கொதிக்க வைக்கக் கூடாது. ஜோவாந்தஸ் ஒட்டிய கல்லில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கலாம், அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

மணலைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வருடக் கணக்கில் கிளறாத மணலுக்கு அடியில் சேர்ந்திருக்கும் கழிவு, கிளறிய அன்றைக்கு அமோனியாவாகவும் அழுகிய முட்டை நாற்றமாகவும் வெளியே வரும். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கண்ணாடி. தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பாருங்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையிலும் சிலிக்கானைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டுதான் முக்கியம், உள்பக்கம் பூசியிருப்பது ரெண்டாம்பட்சம். அந்த ஒட்டில் குமிழி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீண்டிருந்தாலோ, பால் மாதிரி வெளுத்திருந்தாலோ, பாசி சுரண்டிய பிளேடு அடிமூலையில் சிலிக்கானை வெட்டித் தூக்கிவிட்டிருந்தாலோ விலை பேசுவதை நிறுத்துங்கள். மேலே கொஞ்சம் பூசிக்கொள்ளலாம் என்பார். பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் ஒட்டாது. முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும், அதைச் சென்னை கொளத்தூரில் டேங்க் செய்பவர்களிடம் கொடுத்தால் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். 2 அடி உயரத்துக்குக் கண்ணாடி 12 மி.மீ. இருப்பது நல்லது. ஸ்டாண்டில் வெல்டிங் போட்ட இடங்களில் துரு பிடித்திருக்கிறதா என்று கீழே குனிந்து பார்க்கவும்.

எடைக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 120x60x60 செ.மீ. என்றால் விளிம்பு வரை 432 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. கண்ணாடி மட்டும் சுமார் 85 கிலோ. ஸ்டாண்ட், கல், மணல், சம்பில் நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாராளமாகத் தாண்டும், அதுவும் முக்கால் சதுர மீட்டருக்குள். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். அது அறை முழுவதும் பரவிய பாரத்துக்கான கணக்கு, அதனால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் நடு ஹாலிலும் பால்கனியிலும் வைக்காதீர்கள். பீம் மேல், அல்லது பீமுக்குக் குறுக்காகச் சுவரை ஒட்டி வைப்பதே சரி, பீம் எங்கே போகிறது என்று ஒரு சிவில் எஞ்சினியரைக் கூட்டி வந்து காட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரசமட்டம் வைத்து ஸ்டாண்டைச் சரிபார்த்து, டேங்க்குக்கு அடியில் தெர்மகோல் விரித்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மூன்றில் ஒரு பங்காக நிரப்பிக்கொண்டே வாருங்கள். கீழே நியூஸ்பேப்பர் போட்டு மூன்று நாள் விடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே தண்ணீரில் சம்பையும் ஓட்டி, ஓடும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் போனால் மேலிருந்து தண்ணீர் சம்புக்கு இறங்கும், இந்த டேங்க்கில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 7.2 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர் ரிவர்ஸில் வரும், சம்பில் அந்த இடம் இல்லை என்றால் ஹாலில் உப்புத்தண்ணீர். குழாயின் வாயை மேலே தூக்குங்கள், சம்பில் தண்ணீர் மட்டம் எதுவரை இருக்கலாம் என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

மெஷின்களில் ஸ்கிம்மரையும் பம்புகளையும் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஓட விட்டால் சுண்ணாம்புப் படிவு போய்விடும். சில்லரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அவர் வீட்டிலேயே செட்டிங்கை 2 டிகிரி குறைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நிஜமாகக் குளிர்கிறதா என்று பாருங்கள். இந்த அளவுத் தண்ணீருக்குச் சென்னை மே மாதத்தில் கால் எச்.பி.க்குக் குறைந்தது தாங்காது. அதை மூடிய கேபினெட்டுக்குள் வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், வெளியே வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ.வில் இப்போது பல மாடல்கள் காப்பர் சேர்த்துக் கொடுப்பதையே பெருமையாக விளம்பரம் செய்கின்றன, மினரல் என்ற பெயரில் ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரையும் கொஞ்சம் கலக்கின்றன. குடிக்க ஓகே, கோரல் வளர்க்கும் ரீஃப் டேங்க்குக்கு ஆகாது. தனி ஆர்.ஓ.வும் அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் வைத்து, டி.டி.எஸ். மீட்டர் (கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். சம்போடு சேர்த்து 450 லிட்டருக்கு 16, 17 கிலோ உப்பு பிடிக்கும். அளவை மட்டும் நம்பாமல், உப்புத்தன்மை காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஒரே நாள் கேள்விக்கு வருவோம். அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. புதிய டேங்க்கை வேறு சுவரில் வைத்தால் இரண்டும் ஒன்றாக ஓடலாம், இந்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. பீங்கான் மாதிரிச் செய்த கற்களைப் போட்டு, உங்கள் பழைய டேங்க்கிலிருந்து ஒரே ஒரு கல்லை மட்டும் மாற்றுங்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியா அந்தக் கல்லில்தான் குடியிருக்கிறது, தண்ணீரில் பெரிதாக இல்லை; பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பதில் அர்த்தமில்லை. மீன் தீவனம் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே வாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதற்குப் பிறகு க்ளவுன் ஜோடி, ஒரு வாரம் விட்டு இறால், கடைசியில் கோரல். பெரிய டேங்க்கின் லைட் உங்களுடையதைவிட வலுவாக இருக்கும். 30 சதவீதத்தில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் ஏற்றுங்கள், லெதர் கோரல் சில நாள் சுருங்கிக் கிடந்தால் பதற வேண்டாம், தோல் உரித்துவிட்டு விரியும்.

ப்ளூ டாங் 30 செ.மீ. வரை வளரும், நாலடி அதற்கு நிரந்தர வீடு ஆகாது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விலை? கல், மணல், மீன் மூன்றையும் கழித்துவிட்டு, கண்ணெதிரே ஓட்டிப் பார்த்த மெஷினுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். அதே அளவில் புதுக் கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் கொளத்தூரில் கொட்டேஷன் வாங்கி, அதில் பாதிக்கு மேல் பழசுக்குக் கொடுக்காதீர்கள். சில்லர் ஓடவில்லை என்றால் 70 ஆயிரம் எந்தக் கணக்கிலும் வராது. ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அவரே இறங்கி வருவார்.