கார்பன் சக்கரத்துக்கு எந்த பிரேக் கட்டை? ஏலகிரி ஏறி இறங்குபவருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறேன், எடை 82 கிலோ. ரிம் பிரேக் உள்ள அலுமினிய ரோடு பைக் வைத்திருக்கிறேன். வார நாட்களில் பள்ளிகொண்டா வழியாக வேலூர் நெடுஞ்சாலையிலும், மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளில் ஏலகிரி மலையிலும் ஓட்டுகிறேன். நண்பர் ஒருவர் 50 மி.மீ. உயர ரிம் கொண்ட கார்பன் கிளிஞ்சர் (டயரின் விளிம்பு ரிம்மின் சுவரில் மாட்டி நிற்கும் வகை) சக்கரங்களை விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். இப்போதுள்ள பிரேக்கும் கட்டைகளும் அவற்றுக்குப் போதுமா, வேறு கட்டை வாங்க வேண்டுமா, அல்லது டிஸ்க் பிரேக் பைக்குக்கு மாறிவிடலாமா?

பதில்: இப்போதுள்ள கட்டைகளைக் கார்பன் ரிம்மில் ஒரு நாள்கூடப் பயன்படுத்த வேண்டாம். கட்டைகளை ரிம்மின் மேல் அழுத்தும் பாகமான காலிப்பரை மாற்ற வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அதை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் முன்னால், அந்த ரிம் ஏலகிரி இறக்கத்தைத் தாங்குமா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரிம் பிரேக் என்பது உங்கள் வேகத்தை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தை ரிம்மின் பக்கச் சுவரிலேயே இறக்கி வைக்கிற ஏற்பாடு. உங்கள் எடையோடு பைக், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 92 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் உயரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 90 கிலோஜூல் ஆற்றல் வெளியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்த அது போதும். வேகமாக இறங்கினால் இதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து, ஏறக்குறைய முழுவதும் இரண்டு ரிம்களிலும் சேரும். அலுமினிய ரிம் அந்தச் சூட்டைத் தன் உடல் முழுவதும் பரப்பிக் காற்றில் விட்டுவிடுகிறது. கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் எப்பாக்சி ரெசினோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுவரின் தடிமன் வழியாகப் பார்த்தால் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகவே கடத்துகிறது. ஆகவே கட்டை உரசும் அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் சூடு தேங்கி ஏறிக்கொண்டே போகும்.

சாதாரண எப்பாக்சி சுமார் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும். தரமான ரிம்களில் பயன்படுத்தும் உயர்வெப்ப ரெசின்கள் 200 டிகிரி வரையிலும் அதற்கு மேலும் தாங்கும். கிளிஞ்சர் ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்து வைத்திருப்பதும் இதே பக்கச் சுவர்தான். உள்ளே காற்றழுத்தம் அதை ஓயாமல் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ரெசின் இளகிய நேரத்தில் அந்தத் தள்ளுதலுக்கு இடம் கொடுத்தால், சுவர் ஓரிடத்தில் உப்பிக்கொள்ளும் அல்லது அடுக்கடுக்காகப் பிரியும். டயரை ரிம்மில் ஒட்டிப் பொருத்தும் டியூப்லர் ரிம்களில் இந்த ஆபத்து குறைவாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் சுவர் டயரின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை என்பதே.

இதில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15 டிகிரிக் குளிரில் இறங்கும் ஐரோப்பியரின் ரிம்மைவிட, கத்திரி வெயிலில் 40 டிகிரியில் இறங்கும் உங்கள் ரிம் ஏற்கெனவே 25 டிகிரி முன்னால் இருக்கிறது. கறுப்பு நிறம் வெயிலை வாங்கிக்கொள்வது தனி. ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குரங்குகளுக்காகவும் எதிரே வரும் பேருந்துகளுக்காகவும் இடையிடையே நிற்கவும் நேரும். எனவே, தயாரிப்பாளர் பெயரோ வெப்பத் தாங்குதிறன் விவரமோ இல்லாத கார்பன் கிளிஞ்சரில் ஏலகிரி இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயர் பெற்ற நிறுவனத்தின் சக்கரமாகவே இருந்தாலும், உங்கள் எடைக்கு நெடுஞ்சாலையில் கார்பன், மலைக்குப் பழைய அலுமினியச் சக்கரம் என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். 50 மி.மீ. ரிம்மின் பயன் காற்றைக் கிழித்துச் செல்வதில்தான். அது பள்ளிகொண்டாவுக்கும் வேலூருக்கும் இடையே கிடைக்கும்; மலையேற்றத்தில் உங்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

கட்டையைப் பொறுத்தவரை முதல் விதி, ரிம் தயாரித்தவர் சொல்லும் கட்டையையே வாங்குவது. ஜிப் நிறுவனம் தன் டேஞ்சன்ட் பிளாட்டினம் புரோ கட்டையையும், ரெனால்ட்ஸ் தன் கிரையோ புளூ கட்டையையும் தங்கள் கார்பன் ரிம்களுக்கெனத் தருகின்றன. இது விற்பனைத் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரிம்மின் ரெசினும் கட்டையின் கலவையும் சேர்ந்துதான் எவ்வளவு சூடு உண்டாகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வேறு கட்டை போட்டதற்காக உத்தரவாதத்தை மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. தயாரிப்பாளரின் கட்டை கிடைக்காவிட்டால், கார்பனுக்கென்றே செய்யப்பட்ட ஸ்விஸ்ஸ்டாப் பிளாக் பிரின்ஸ் போன்றவற்றை வாங்கலாம். கார்க் கட்டை ரிம்முக்கு மென்மையானதுதான், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அலுமினியத்துக்கான சாதாரண ரப்பர் கட்டை கார்பனில் அதிகமாகச் சூடேறி, உருகி, ரிம்மில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் பழைய கட்டை ஒன்றைக் கழற்றி, அதன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரப்பருக்குள் புதைந்து மினுங்கும் வெள்ளித் துணுக்குகள் அலுமினிய ரிம்மிலிருந்து பெயர்ந்தவை. அவற்றோடு கார்பனில் பிரேக் பிடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரில் கீறல் விழும். கார்பனுக்கான கட்டை என்று வாங்கியதையும் ஒருமுறை அலுமினியச் சக்கரத்தில் பயன்படுத்திவிட்டால், திரும்பவும் கார்பனில் போடக் கூடாது. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் கட்டை, முடிந்தால் அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரோடு தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பாலாற்றங்கரைச் சாலைகளில் மணல் துகள் ஒட்டுவது சாதாரணம் என்பதால், மாதம் ஒருமுறையாவது கட்டையின் முகத்தைப் பார்த்து, புதைந்ததை ஊசியால் எடுத்து, பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹோல்டரின் மூடிய முனை பைக்கின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும் விசையே கட்டையை வெளியே உருவிவிடக்கூடும். கட்டை டயரைத் தொடவும் கூடாது, பிரேக் பட்டைக்குக் கீழே இறங்கவும் கூடாது. கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மயிரிழை முந்தித் தொடுமாறு சாய்த்து வைத்தால் கீச்சொலி பெரும்பாலும் அடங்கும்.

காலிப்பருக்கு வருவோம். பழைய அலுமினிய ரிம்கள் சுமார் 20 மி.மீ. அகலம் இருக்கும், இன்றைய கார்பன் ரிம்கள் 25 முதல் 28 மி.மீ. வரை வருகின்றன. வெர்னியரால் ரிம்மை அளந்து, புதிய கட்டை போட்ட நிலையில் காலிப்பர் அந்த அளவுக்கு விரிகிறதா என்று பாருங்கள். விரியாவிட்டால், 28 மி.மீ. டயருக்கு இடம் தரும் ஷிமானோ 105 ஆர்7000 போன்ற காலிப்பரை யோசிக்கலாம். ஆனால் லீவர் இழுக்கும் கேபிளின் நீளம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், லீவரும் காலிப்பரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கடையில் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

ஓட்டும் முறையும் கட்டைக்கு இணையாக முக்கியம். இறக்கத்தில் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை உடம்பில் வாங்கி, இரு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட அந்த நொடிகளில்தான் ரிம் ஆறும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூப் இந்தச் சூட்டுக்கு ஏற்றதல்ல. பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூப் போடுங்கள். ரிம்மில் குறித்துள்ள உச்ச அழுத்தத்துக்கு மேல் காற்றடிக்க வேண்டாம். மழை நாட்களில் கார்பன் ரிம் முதல் ஓரிரு சுற்றுகள் பிடிக்காமல் வழுக்கும். தேவைப்படும் இடத்துக்கு முன்பே ஒருமுறை இலேசாகத் தொட்டு நீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பிரேக்கில் வெப்பம் ரிம்முக்குப் போவதே இல்லை. மழையிலும் பிடிப்பு ஒரே சீராக இருக்கும். சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ 2018 ஜூலையில் சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முழுமையாக அனுமதித்த பிறகு, கார்பன் சக்கரங்களும் பெரும்பாலும் டிஸ்க்குக்காகவே வருகின்றன. ஆனால் உங்கள் ஃபிரேமில் அதற்கான பிடிமானம் இருக்காது என்பதால், புது பைக்கே வாங்க வேண்டும். மாதம் ஓரிரு மலைப் பயணத்துக்காக அவசரப்பட வேண்டியதில்லை. எப்படியும் புது பைக் வாங்கும் நாளில் டிஸ்க் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம். உங்கள் எடைக்கு முன்பக்கம் 160 மி.மீ. ரோட்டராக (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு) இருக்கட்டும்.

நண்பருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், டயரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிரேக் பட்டையின் மேல் விரலை மெதுவாக ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். வெர்னியரால் எட்டுப் பத்து இடங்களில் அகலம் எடுங்கள். எங்காவது ஓரிடத்தில் மட்டும் அகலம் கூடியிருந்தாலோ, பட்டை பழுப்பேறியிருந்தாலோ, நகத்தால் தட்டும்போது அந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டாலோ, ரிம் ஒருமுறை வெந்துவிட்டது என்று பொருள். ஸ்போக்கை இறுக்கிக் கோட்டம் எடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை அல்ல அது; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள்.