இரவில் சிறிய விமானம் ஓட்டும் துணிவை மீண்டும் பெறுவது எப்படி?

உரிமம் கையில் இருந்தும் ஓராண்டாக இரவில் பறக்கவில்லை, இப்போது பொழுது சாய்ந்தாலே தயக்கம் வந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் 14 மாதங்கள் அப்படி இருந்தவன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு, வார இறுதிகளில் ஈப்போவிலிருந்து செஸ்னா 172 ஓட்டுகிறேன்.

என் கதை நிலவில்லாத ஓர் இரவில் தொடங்கியது. நான் இறங்கவேண்டிய சிறிய தளத்தின் ஓடுபாதைக்கு முன்னால் செம்பனைத் தோட்டம்தான் பரந்து கிடந்தது; ஒரு விளக்குகூட இல்லை. அளவுக்கு மேல் உயரத்தில் வருவதாகவே கண் சொல்லிக்கொண்டிருந்ததால் விசையைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும் சரிவு சரியா என்று காட்டும், ஓடுபாதை ஓரத்துப் பாப்பி விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரி. எனக்கு நான்கும் சிவப்பாகத் தெரிந்தன. முழு விசை கொடுத்து மேலேறி, அடுத்த சுற்றில் இறங்கி, என்ஜினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் இருக்கையை விட்டு எழவில்லை.

இதைக் கருந்துளை மயக்கம் என்பார்கள். இடையில் பார்வைக்குப் பிடிமானம் ஏதும் இல்லாமல், தொலைவில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரியும்போது, விமானி தன்னை அறியாமலே தாழ்ந்து வருகிறார். 1960களின் இறுதியில் போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட், தரையிலேயே பறப்பதுபோல் காட்டும் பாவனைக் கருவியில் சோதித்தபோது, அனுபவம் மிக்க விமானிகளே இப்படித் தாழ்ந்து வந்தனர். இதைப் படித்த அன்றுதான், என் திறமையைப் பற்றி நானே எழுதி வைத்திருந்த தீர்ப்பைக் கிழித்துப் போட்டேன். ஆகவே உங்களுக்கும் சொல்வது: எதற்குப் பயப்படுகிறோம் என்று முதலில் பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள். இறக்கமா, என்ஜின் நின்றுபோவதா, திசை தவறுவதா என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும்.

என் பயம் இறக்கத்தில் இருந்ததால், கண்ணுக்குத் துணையாகக் கணக்கை வைத்துக்கொண்டேன். மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி. அதாவது, மூன்று மைல் தொலைவில் ஓடுபாதைக்கு மேலே 900 அடி இருக்கவேண்டும். தரைவேகம் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 325 அடி இறங்கினால் போதும். இந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டு இறங்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கண்ணைப் பழக்குவதை நான் பயிற்றுநரிடம் கற்பதற்கு முன்பே அப்பாவிடம் கற்றிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர் அவர். எதிரில் வருபவரின் விளக்கு முகத்தில் அடித்துவிட்டால், "கொஞ்சம் நில்லுடா, கண்ணு திரும்பட்டும், அப்புறம் காலை வை" என்பார். பாம்பு கிடக்கும் நிரை அது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக சுமார் 30 நிமிடங்கள் ஆகும், கெடுவதற்குச் சில நொடிகள் போதும். ஆகவே புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கைத்தொலைபேசியை மூடி வைத்துவிடுவேன். கருவி விளக்குகளைப் படிக்கப் போதுமான அளவுக்குக் குறைத்துக்கொள்வேன். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்ப்பதும் உதவும், ஏனெனில் மங்கிய ஒளியில் பார்க்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை.

திரும்பப் பறக்கப் போனபோது பயிற்றுநரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இருட்டிய பின் புறப்பட வேண்டாம், மாலை 6.45க்கு ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இருட்டட்டும். நம் நாட்டில் சூரியன் மறைந்த பின் வெளிச்சம் அதிக நேரம் நிற்பதில்லை. அதே ஓடுபாதை கண்ணெதிரே இரவாக மாறுவதை நான்கைந்து சுற்றுகளில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு முறையும் இறங்கி, விமானத்தை முழுவதுமாக நிறுத்தினோம். மூன்றாம் நாள் அவர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கு விளக்கை அணைத்தார். விளக்கு விழும் திட்டையே பார்த்து இறங்கிவந்த எனக்கு, ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்த்தால்தான் மூக்கைத் தூக்கும் நேரம் தெரியும் என்பது அன்றுதான் விளங்கியது. இரவில் பயணிகளை ஏற்ற, 90 நாட்களுக்குள் மூன்று முறை இரவில் ஏறி இறங்கியிருந்தால் போதும் என்கிறது அமெரிக்க விதி. எனக்கு மனம் அடங்கப் பதினொன்று ஆயிற்று.

புகைமூட்டக் காலத்தில் மட்டும் துணிவைச் சோதிக்காதீர்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே விமானம் ஓட்டிச் சென்ற 1999 ஜூலை 16 இரவில், மங்கலான வானத்தில், கடலுக்கு மேல் திசையுணர்வு இழந்துதான் விழுந்தார். தித்திவங்சா மலைத்தொடர் பக்கம் மின்னல் தெரிந்த மாலைகளில், விமானத்துக்குப் பதிவு செய்திருந்தும், ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். போன மாதம்கூட இருமுறை.