வரி ஆர்டர எதிர்த்து சிவில் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் ரிட்டயர்டு ஆளு. அம்மாவோட நகைய வித்து வந்த பணத்த பேங்க்ல போட்டேன், அத கணக்குல வராத பணம்னு இன்கம்டாக்ஸ்ல ஆர்டர் போட்டு டிமாண்ட் நோட்டீஸும் அனுப்பிட்டாங்க, கைக்கு வந்து 18 நாள் ஆச்சு. சென்னை பாரிமுனைல இருக்கற சிட்டி சிவில் கோர்ட்ல கேஸ் போட்டு ஸ்டே வாங்கலாம்னு மச்சான் சொல்றாரு, நண்பர் ஒருத்தர் நேரா ஹைகோர்ட்ல ரிட் (அரசு அதிகாரியோட நடவடிக்கைய எதிர்த்துப் போடற மனு) போடுங்கறாரு. எது சரி?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம், அப்பீல் போட மிச்சம் இருக்கற 12 நாளக் காப்பாத்துங்க. 1961 வருமான வரிச் சட்டம் 293வது பிரிவு, இந்தச் சட்டத்துல போட்ட ஆர்டர ரத்து பண்ணவோ மாத்தவோ சிவில் கோர்ட்ல வழக்கே போடக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது, அதனால ஜட்ஜ் உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு நெனச்சாலும் அவருக்கு விசாரிக்கற அதிகாரமே கிடையாது.

ரிட்டுக்கு அப்படி முழுத் தடை இல்ல. ஆனா அப்பீல் வழி இருந்தா அங்க போங்கன்னுதான் ஹைகோர்ட் பொதுவா திருப்பி அனுப்பும். உங்க தரப்பக் கேக்காமலே ஆர்டர் போட்டாங்க, அதிகாரமே இல்லாத ஆள் போட்டாரு, இல்ல சட்டமே செல்லாதுங்கறீங்க, இந்த மாதிரி இருந்தா எடுப்பாங்க, 1998ல வேர்ல்பூல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அதுதான். உங்களது நகை வித்த ரசீத நம்பறதா இல்லையாங்கற விஷயம், அது ரிட்ல நிக்காது.

நீங்க போக வேண்டியது கமிஷனர் அப்பீல், அதாவது இன்கம்டாக்ஸ்லயே அப்பீல் கேக்கற கமிஷனர்கிட்ட. நோட்டீஸ் கைக்கு வந்ததுலேர்ந்து 30 நாளுக்குள்ள அப்பீலுக்கான ஃபார்ம் 35ஐ ஆன்லைன்லயே போடணும், ஃபீஸ் அதிகபட்சம் 1000 ரூபாதான். நகைக்கடை ரசீது, எடை போட்ட சீட்டு, பணம் போட்ட தேதி தெரியற பாஸ்புக் பக்கம் எல்லாத்தையும் இப்பவே சேத்துடுங்க, ஆபீசர்கிட்ட குடுக்காத பேப்பர் ஏதாவது இருந்தா ஏன் அப்ப குடுக்க முடியலன்னும் எழுதணும். இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, இங்க தோத்தா அடுத்து ஐடிஏடிங்கற வருமான வரி அப்பீல் ட்ரிப்யூனல், அதுக்கு மேல ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனா முக்கியமான சட்டக் கேள்வி இருந்தா மட்டும்தான் பாப்பாங்க, ரசீது உண்மையான்னு அங்க மறுபடி ஆராய மாட்டாங்க.

அப்பீல் போட்டுட்டா வசூல் தானா நின்னுடாது. ஸ்டே கேட்டு அசெஸ்மென்ட் ஆபீசருக்குத் தனியா மனு குடுங்க, பொதுவா தகராறுல இருக்கற வரில 20 சதவீதம் கட்டச் சொல்வாங்க.

கேள்வி: இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் வராம இழுத்தடிக்கறாங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாமா?
- ஒரு வாசகி, மாம்பலம்

பதில்: வேண்டாம்மா. வரி வாங்கறது காசுக்கு செய்யற சேவை இல்ல, அதனால அங்க நிக்காது. இன்கம்டாக்ஸ் போர்ட்டல்ல கிரீவன்ஸ் (புகார்) போட்டு அந்த நம்பர பத்திரமா வைங்க. அப்பவும் ஆர்டர் ஆன ரீஃபண்ட காரணமே சொல்லாம வெச்சிருந்தா, அதுக்குத்தான் ஹைகோர்ட் ரிட் சரியான வழி, 244ஏ பிரிவுப்படி மாசத்துக்கு அரை சதவீத வட்டியும் சேத்துக் கேளுங்க.