சட்டம் ஒரு பக்கம், விதி நூறு பக்கம்: கேள்வி பதில்

கேள்வி: குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலைதானே? விதி போடும் அதிகாரத்தை ஏன் அரசுத் துறைகளிடம் ஒப்படைக்கிறார்கள்?

பதில்: எல்லாவற்றையும் அவையில் உட்கார்ந்து எழுத முடியாது, தம்பி. எந்த உணவில் எந்த நிறமி எவ்வளவு சேர்க்கலாம் என்பதை வேதியியல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அளவை மாற்ற ஒவ்வொரு முறையும் ஒரு மசோதா கொண்டுவந்தால் வேலை நடக்காது. தகவல் உரிமை மனுவுக்கு நாம் கட்டும் 10 ரூபாய்கூட 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை, விதியில்தான் இருக்கிறது. நேரம், நிபுணத்துவம், அவசரத்துக்கு மாற்றும் வசதி, மூன்றுமே நியாயமான காரணங்கள்.

கேள்வி: அப்படியானால் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. கொள்கையைச் சட்டம் இயற்றும் அவையே வகுக்க வேண்டும் என்று 1951-இல் டெல்லிச் சட்டங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. 1959 டிசம்பரில் தீர்ப்பான ஹம்தர்த் தவாகானா வழக்கையும் படியுங்கள். சில நோய்களுக்கான மருந்து விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் பற்றியது அது. அந்தத் தடைப் பட்டியலில் அரசு எந்த நோயையும் சேர்க்கலாம், ஆனால் எதை வைத்துச் சேர்ப்பது என்று சட்டம் சொல்லவில்லை. அந்தப் பகுதி செல்லாது என்றார்கள்.

கேள்வி: நான் மாட்டு வியாபாரி. 2017-இல் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கத் தடை வந்ததே, அதற்கு எங்கள் எம்.பி. ஓட்டுப் போட்டாரா?

பதில்: இல்லை அண்ணா, அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழ் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மே 2017-இல் போட்ட விதி அது. ஆனால் அந்தத் தாய்ச் சட்டமே, தேவையில்லாத வலி கொடுக்காமல் உணவுக்காக மாட்டை வெட்டுவது குற்றமல்ல என்கிறது. சட்டம் விட்டுவைத்ததை விதி எப்படி அடைக்கலாம் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். சில நாட்களிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிக்கு இடைக்காலத் தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டித்தது. கோடிக்கணக்கானவர்களின் பிழைப்பைத் தொடும் முடிவு விவாதமே இல்லாமல் அரசிதழில் வந்துவிடுகிறது என்பது இந்த முறையின் பெரிய ஆபத்து. அதேசமயம் ஒரு பிடியும் நமக்கு இருக்கிறது: சட்டத்தை அரசியலமைப்பை வைத்துத்தான் எதிர்க்க முடியும், விதியையோ தாய்ச் சட்டத்தை வைத்தும் எதிர்க்கலாம்.

கேள்வி: நாடாளுமன்றம் இதையெல்லாம் பார்ப்பதே இல்லையா?

பதில்: பெரும்பாலான மத்தியச் சட்டங்களின்படி விதிகளை இரு அவைகளிலும் 30 நாட்கள் மேசையில் வைக்க வேண்டும். யாரும் எதிர்க்காவிட்டால் அப்படியே நிற்கும், அதற்குள் விதி நடைமுறைக்கும் வந்திருக்கும். மக்களவையில் இதற்கென 15 பேர் கொண்ட குழு 1953 முதல் இருக்கிறது, அமைச்சர்கள் அதில் இருக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குவியும் விதிகளுக்கு முன்னால் போதவே போதாது என்பது என் கருத்து.

கேள்வி: உங்களை அதிகம் கவலைப்படுத்துவது எது?

பதில்: சட்டத்தில் இருந்ததை விதிக்கு இறக்குவது. தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்து மத்திய அரசின் கையில் கொடுத்தது. அதே ஆண்டு விதி வந்து 3 ஆண்டாக்கியது. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவரின் நாற்காலியை அரசே அளந்து கொடுக்கிறது. இதை நிர்வாக வசதி என்று என்னால் ஏற்க முடியாது. அப்புறம், தாமதம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் டிசம்பர் 2019-இல் நிறைவேறியது, விதிகள் வந்தது மார்ச் 2024-இல். ஆதரித்தவர், எதிர்த்தவர் இருவருமே நான்கு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

கேள்வி: ஒரு விதி என்னைப் பாதித்தால் எங்கே தொடங்குவது?

பதில்: அரசிதழ் அறிவிக்கையின் முதல் வரியில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று இருக்கும். முதலில் அந்தப் பிரிவை எடுத்துப் படியுங்கள். அது கொடுத்ததற்கு மேல் விதி போயிருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். வரைவாகத்தான் வந்திருக்கிறது என்றால், அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.