உருட்டுவது பிள்ளைகள், பொரிப்பது பெரியவர்கள்

கேள்வி: எங்கள் வீடு குழித்துறைக்கு அருகில். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கிறிஸ்துமஸுக்குப் பேக்கரியில் கேக் வாங்கி அக்கம்பக்கத்தில் பத்து வீடுகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு தாங்களே செய்து கொடுக்கப்போவதாகப் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். வீட்டில் ஓவன் இல்லை. பாறசாலையில் பிறந்து வளர்ந்த என் மாமியார், "பிள்ளைகள் உருட்டினால் கோணல்மாணலாக வரும், கொடுக்கிற வீட்டில் மானம் போகும்" என்கிறார். கடையில் வாங்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்பது கணவரின் கட்சி. பக்கத்து வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை நோய். என்ன செய்து கொடுக்கலாம்?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் கேக்கை மறந்துவிடுங்கள். குக்கரில் மணல் பரப்பிக் கேக் சுடலாம்தான். பத்து வீட்டுக்கு என்றால் நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பவர் நீங்கள். மாவைக் கலக்கியதோடு பிள்ளைகளின் பங்கு முடிந்துவிடும். அச்சு முறுக்கும் வேண்டாம். எண்ணெயில் சூடேறிய அச்சை மாவில் முக்கால்வாசி தோய்த்து மறுபடி எண்ணெயில் இறக்கும் வேலையில் சிறு கைகளுக்கு இடமில்லை.

பிள்ளைகள் செய்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், பலகாரத்தை அவர்களுடைய கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குமரி மாவட்டத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து செய்யுங்கள்.

அதில் முட்டை இல்லை என்பதும் ஒரு வசதி. மண்டல விரதம் டிசம்பர் 26, 27 வாக்கில்தான் முடிகிறது. மாலை போட்ட வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக்கைக் கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். உங்கள் பக்கம் மலங்கரைச் சபைக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. அவர்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய 25 நோன்பு பிடிப்பவர்கள் 24ஆம் தேதி வரை இறைச்சி, முட்டை தொடமாட்டார்கள். முந்திரிக்கொத்தை யார் வீட்டுக்கும் தயங்காமல் எடுத்துப்போகலாம்.

பத்து வீட்டுக்கு ஒரு கிலோ சிறுபயறு போதும். வாசம் வந்து நிறம் மாறும்வரை வறுத்து, சற்றே கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ளுங்கள். இதை ஒரு வாரம் முன்பே முடித்து, ஆறவிட்டு டப்பாவில் வைத்துவிடலாம். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தேங்காயில் ஈரம் நின்றால் பலகாரம் சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். முக்கால் கிலோ கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டச் சொன்னது ஏன் என்று தெரியும். பிறகு பிசுபிசுப்பு வரும்வரை காய்ச்சி, பயற்றுப்பொடி, தேங்காய், வறுத்த எள், ஏலக்காய்ப்பொடி, சுக்குப்பொடி எல்லாம் சேர்த்துக் கிளறுங்கள். பாகு முற்றினால் உருண்டை கல்லாகும், இளகினால் உதிரும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் 120 உருண்டைக்குக் குறையாது. மகள் உருட்டட்டும், மகன் எண்ணித் தட்டில் அடுக்கட்டும். சிறியவன் உருட்டியது கோலி போலவும் எலுமிச்சை போலவும் மாறிமாறி வரும். அதைப் பிடுங்கிச் சரிசெய்யாதீர்கள். உருண்டைகளை இரவு முழுவதும் மெல்லிய துணியால் மூடிக் காயவிட்டால் எண்ணெயில் பிளக்காது.

மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள். மூன்று உருண்டை சேர்ந்தது ஒரு கொத்து; மும்மூன்றாகத் தோய்த்துக் காய்ந்த தேங்காய் எண்ணெயில் போட வேண்டும். இந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்படியில் இருக்கக் கூடாது. எட்டி நின்று பார்ப்பதும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டியை மாமியாரிடம் ஒப்படையுங்கள். அத்தனை ஆண்டுப் பழக்கம் உள்ள கை உங்கள் வீட்டில் அவருடையதுதான். மாவு போர்த்திய பிறகு கோணல் பாதி மறைந்துவிடும் என்பதை அவரே கண்டுகொள்வார்.

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடிவம் எப்படியும் போகட்டும், சுத்தத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உருட்ட உட்கார வேண்டும். இருமலோ சளியோ உள்ள பிள்ளைக்கு அன்று வேறு வேலை கொடுங்கள். எண்ணெய் வடிய நாளிதழில் பரப்பும் பழக்கத்தையும் விடுங்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

அரையாண்டுத் தேர்வு முடிகிற தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். 22ஆம் தேதி மாலை உருட்டி, 23ஆம் தேதி காலை பொரித்தால், மாலைக்குள் நன்றாக ஆறிவிடும். சூட்டோடு மூடினால் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். வீட்டுக்கு நான்கு கொத்து என்று வைத்து, 24ஆம் தேதி பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சேர்த்த பொருள்களையும் செய்த தேதியையும் மகள் ஒரு சீட்டில் எழுதட்டும். எள் ஒவ்வாதவர்களுக்கு அது உதவும். ஒரு வாரத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு மட்டும் இது வேண்டாம். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உப்பைக் குறைத்து, மிளகுத்தூள் தூவி வறுத்த நிலக்கடலையைக் கொடுங்கள். மிளகு தூவும் வேலைக்கு உங்கள் மகன் போதும்.

கணவருக்கும் அவர் கேட்ட ஒரு மணி நேர வேலை இருக்கிறது. மார்த்தாண்டம் சந்தைக்குப் போய் மூடியுள்ள சின்னப் பனையோலைப் பெட்டிகள் பத்தும், உள்ளே விரிக்க பட்டர் பேப்பரும் வாங்கிவரச் சொல்லுங்கள். கருப்பட்டி வாங்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் விடாதீர்கள். சீனி கலக்காததைப் பார்த்து எடுக்க மாமியாரை உடன் அனுப்புங்கள்.