நோயாளியின் மாண்பு என்றால் என்ன? செவிலியர் ஆய்வுகள் அதை ஏன் பேசுகின்றன?

மருந்தும் படுக்கையும் கிடைத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வி. போதாது.

மாண்பு என்பது, நோய் வந்த பிறகும் ஒருவர் பழைய அதே மனிதராக மதிக்கப்படுவது. நீண்டகால நோய் உடலோடு நிற்பதில்லை. நாள்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ், வேலையும் நட்பும் வெளியுலகமும் சுருங்கச் சுருங்க, 'நான் யார்' என்ற உணர்வே தேய்ந்துபோவதை 1983-இல் விவரித்தார். செவிலியர் ஆய்வுகள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன.

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் விட்டவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ். கடலும் போயிற்று, கூவி விற்ற குரலும் போயிற்று. டயாலிசிஸ் பிரிவில் அவரை 'ஏழாம் நம்பர்' என்று கூப்பிட்டால், எஞ்சியிருந்த பெயரும் பறிபோகிறது. இது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

கனடா மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் நோயாளியிடம் கேட்க ஒரு கேள்வியைப் பரிந்துரைத்தார்: உங்களை நன்றாகக் கவனிக்க, ஒரு மனிதராக உங்களைப் பற்றி நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பதில் மருத்துவக் குறிப்பிலேயே இடம்பெறும்.

வாடகை வீட்டின் மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருந்தாலும், அவர் கதவைத் தட்டிவிட்டுத்தானே வர வேண்டும்? நோயாளியின் உடலைத் தொடும் உரிமையும் அப்படித்தான்.

மாண்பு தனியறை உள்ள மருத்துவமனைக்கே கட்டுப்படியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சென்னை ஸ்டான்லி போல நெரிசலான அரசு மருத்துவமனையிலும், திரையை இழுத்துவிட்டு "ஐயா, பார்க்கலாமா?" என்று கேட்கச் சில விநாடிகளே ஆகும்.