வாடகைக்கு விட லண்டன் பக்கம் பிளாட் வாங்கும் தம்பிக்கு

தம்பி, வாடகைக்கு விட ஒரு பிளாட் பார்த்திருப்பதாகவும், வீட்டு ஏஜென்ட்டே ஒரு வக்கீலைக் கைகாட்டுவதாகவும் எழுதியிருந்தாய். அவரையே வைத்துக்கொள்ளலாமா என்பது உன் கேள்வி. வேண்டாம் என்பேன்.

நான் இப்போது லீவில் சத்துவாச்சாரிக்கு வந்திருக்கிறேன். விஐடி பிள்ளைகளுக்கு விடலாமென்று அண்ணன் காட்பாடியில் ஒரு வீடு பார்க்கிறார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு, தாய்ப் பத்திரத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் பேச்சையே எடுத்தார். நாம் இப்படி வளர்ந்தவர்கள். ஆனால் வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

என் முதல் பிளாட்டுக்கு ஏஜென்ட் சொன்ன வக்கீல்தான். ஒரே ஒரு முறை போனில் பேசினார். வாடகைக்கு ஆள் பிடித்து, சாவி கொடுக்கும் வாரத்தில் நில உரிமையாளர் தரப்பிலிருந்து கடிதம் வந்தது: எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. அங்கே பிளாட்டை வாங்கினாலும் பெரும்பாலும் அது நீண்ட கால லீஸ்தான், நிலம் வேறொருவருடையது. அந்த லீஸ் பத்திரத்தில் அந்த ஷரத்து இருந்தது. வக்கீல் அனுப்பிய அறிக்கையிலும் ஒரு வரியாக இருந்தது. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சம்மதம் வாங்குவதற்குள் இரண்டு மாதம் பிளாட் காலியாகக் கிடந்தது, வங்கித் தவணையைக் கைக்காசில் கட்டினேன்.

அதனால் உனக்கென்று தனியாக ஒரு சொலிசிட்டரையோ (வக்கீல்), லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சரையோ (வீட்டுப் பத்திர வேலையை மட்டும் பார்ப்பவர்) பிடி. உனக்குக் கடன் கொடுக்கும் வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்களின் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேள், இல்லையென்றால் வங்கிக்கென்று இன்னொரு வக்கீல், இரட்டைச் செலவு. முதல் பேச்சிலேயே வாடகைக்கு என்று சொல்லிவிடு. லீஸில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அந்தத் தெருவில் வாடகைக்கு விட கவுன்சில் லைசென்ஸ் வேண்டுமா என்று எழுதிக் கேள். லீஸ் 80 வருஷத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்கும் செலவு எகிறும்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குடியாத்தம் வீட்டில் உனக்குப் பங்கு இருக்கிறதல்லவா? இங்கிலாந்தில் முத்திரை வரி கணக்குப் போடும்போது உலகத்தில் எங்கே வீடு இருந்தாலும் சேரும். உன் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறுமென்றால், 2024 அக்டோபர் 31 முதல் மொத்த விலையில் 5 சதவீதம் கூடுதல் வரி. இரண்டு லட்சம் பவுண்டு பிளாட்டுக்குப் பத்தாயிரம். வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மேல் போகாமல், கைக்கு வந்து மூன்று வருஷமும் ஆகாமல் இருந்தால் அது கணக்கில் வராது. அப்பா தவறிய தேதியையும் பங்கு விவரத்தையும் வக்கீலிடம் மறைக்காமல் சொல். தெரியாமல் விட்டாலும் வரி அலுவலகம் பின்னால் கேட்கும்.

ஏஜென்ட் அவசரப்படுத்துவார். கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, ஆகும் வரை நீ பின்வாங்கலாம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் கட்டிய டெபாசிட் போய்விடும், வழக்கமாக அது விலையில் 10 சதவீதம். லீஸ் பத்திரம் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்பு, நான் இருபதாம் தேதிதான் கிளம்புகிறேன், அதற்குள் உட்கார்ந்து படித்துவிடுகிறேன்.